அட்டைக்கு எத்தனை கண்டம்?

(இரவுப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய பயிலரங்கில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உயிரியல் அறிவை எப்படிச் சோதிப்பது' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கவிதை பற்றிப் பேசு என்றிருந்தால் ரெண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருப்பேன். விலங்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு வங்கியில் கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவன் நான். தவளையை அறுத்து நரம்பு பிரித்த கை இப்போது கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுகிறது. நம் இரவுப் பாடசாலையில் நாலு வருஷமாக அறிவியல் எடுக்கிறேன், இங்கே நிற்க அதுதான் என் தகுதி. அங்கே பார்த்ததிலிருந்துதான் பேசப் போகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூறு மார்க்கு. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 75க்குள்தான் இயற்பியல், வேதியியல், தாவரம், விலங்கு எல்லாம் வந்தாக வேண்டும். ஒரு மார்க்குக் கேள்வி 12, மற்றதெல்லாம் ரெண்டு, நாலு, ஏழு என்று போகும். திருத்துகிறவர் பக்கத்தில் விடைக்குறிப்பு இருக்கும். குறிப்பில் இருக்கிற சொல் தாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு அவர் முன்னால் வைக்கிற கட்டு அப்படி. ஆனால் இந்த ஏற்பாடு எதைச் சோதிக்கிறது? பிள்ளைக்கு உயிரைப் பற்றி என்ன தெரியும் என்பதையா, புத்தகத்தின் வாக்கியம் அவனிடம் சேதமில்லாமல் வந்து சேர்ந்ததா என்பதையா? பள்ளிக்கூடங்களில் 'புக் பேக்' என்று ஒரு சொல் புழங்குகிறது, கேட்டிருப்பீர்கள். பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்வி. அதை மட்டும் படி, பாஸ் ஆயிடலாம். முன்னால் இருக்கிற பாடம் எதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'உயிரினங்களின் அமைப்பு நிலைகள்' என்று ஒரு பாடம். ரெண்டே விலங்கு. ஒன்று அட்டை, இன்னொன்று முயல். அட்டைக்குப் பெயர் ஹிருடினேரியா கிரானுலோசா, இந்தியக் கால்நடை அட்டை. உடலில் 33 கண்டங்கள். இது ஒரு மார்க்குக் கேள்வி.

பாடசாலையில் கேட்டேன், "அட்டைக்கு எத்தனை கண்டம்?" பதினெட்டுப் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லீவு நாளில் அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போகிற பிள்ளைகள் அதில் பாதிப் பேர். சரி, கண்டத்தை விடு, அட்டையைப் பத்தி என்னதான் தெரியும் என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

"இழுக்கக் கூடாது சார். ரப்பர் மாதிரி நீண்டுக்கினே வரும், வுடாது. ஒரு பக்கம் எடுத்தா இன்னொரு பக்கம் ஒட்டிக்கும்."

"கடிச்ச எடத்துல மூணு கோடு சேந்தாப்புல இருக்கும் சார்."

"அது வுழுந்தப்புறமும் ரத்தம் நிக்காது சார். எங்கம்மா புடவையெல்லாம் ஆயிடும்."

"ஒரு தபா குடிச்சிட்டா ரொம்ப நாளைக்கு அதுக்குப் பசிக்காது. எங்க தாத்தா பாட்டில்ல புடிச்சி வெச்சிருந்தாரு."

புத்தகத்தைத் திறங்கள். 'அட்டையின் ஒட்டுண்ணித் தகவமைப்புகளை எழுதுக' என்று ஒரு கேள்வி இருக்கிறது. முன்முனையிலும் பின்முனையிலும் ஒட்டுறிஞ்சி. மூன்று தாடைகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின். ரத்தத்தைச் சேமித்து வைக்கிற, அறை அறையாகப் பிரிந்த தீனிப்பை. நாலு விடையையும் நம்ம பிள்ளைங்க சொல்லியாகிவிட்டது. இதையே தாளில் இப்படியே எழுதினால் என்ன கிடைக்கும்? சைபர். ஒட்டுறிஞ்சி என்கிற சொல் இல்லை, ஹிருடின் என்கிற சொல் இல்லை. வயலில் ஒருநாளும் இறங்காத பிள்ளை, அட்டையைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, நாலு சொல்லையும் எழுதி நாலு மார்க்கு வாங்கிவிடும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கைதட்டல் கிடைக்கும் தோழர்களே. உழைக்கும் மக்களின் அறிவு, ஏட்டறிவின் வன்முறை என்று நம் பத்திரிகைகளில் நாமே நிறைய எழுதியாகிவிட்டது. நான் நிறுத்த மாட்டேன். ஏனென்றால் அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. "சுண்ணாம்பு வெச்சா தானா சுருண்டு வுழுந்துடும் சார்" என்றாள் ஒரு பெண். எல்லாரும் ஆமாம் என்றார்கள். என் பாட்டியும் அதைத்தான் செய்தாள். உப்பு, சுண்ணாம்பு, பொயலத் தண்ணி எதை வைத்தாலும் அட்டை விழும், அது உண்மை. ஆனால் எரிச்சல் தாங்காமல் விழும்போது அது வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். அட்டையின் குடலில் பாக்டீரியா வாழ்கிறது. அது புண்ணுக்குள் போகும். நகத்தை ஒட்டுறிஞ்சியின் ஓரத்தில் கொடுத்து, வாய்ப்பக்கம் முதலில், அப்புறம் பின்பக்கம் என்று மெதுவாக நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி, "அப்ப எங்க அத்தைக்குக் கால்ல சீழ் வெச்சது அதனாலயா சார்?" எனக்கு எப்படித் தெரியும், நான் பார்க்கவில்லையே. ஆனால் கேள்வி சரியான கேள்வி. புத்தகம் அவள் அத்தையின் கால் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

முயலையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்து முயல் வளை தோண்டி வாழும். ஒரு பையன் எழுந்து, "மொசலு வளை வெட்டாது சார், புல்லுலயே குழிவா படுத்துக்கும். குட்டி போட்ட அன்னிக்கே கண்ணு தொறந்திருக்கும், மயிரு இருக்கும்" என்றான். அவன் சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. புத்தகத்தில் இருப்பது அய்ரோப்பாவிலிருந்து வந்த வளர்ப்பு முயலின் இனம். அதன் குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். நம் கொல்லையில் ஓடுவது வேறு இனம், காட்டு முயல். ரெண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பையன் தேர்வில் 'வளை தோண்டாது' என்று எழுதினால் தப்பு. அவன் வாழ்ந்த நிலத்தின் முயலுக்குப் பாடத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். இப்படி எழுந்து நின்று மறுக்கிற பிள்ளைக்கு மார்க்குப் போட எந்த விடைக்குறிப்பிலும் வழி கிடையாது. உயிரியலில் முதல் பாடமே அதுதான், பார்த்ததை வைத்து எழுதியதை மறுப்பது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சில தோழர்கள், 'தேர்வே ஆதிக்கத்தின் கருவி, நம் பிள்ளைகளை அதற்குள் தள்ளாதீர்கள், மாற்றுக் கல்வி கொடுப்போம்' என்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவர்களில் பலர் அந்தத் தேர்வில் தேறித்தான் இன்றைக்கு மாற்றுக் கல்வி பேசுகிறார்கள். நானும் ஒரு போட்டித் தேர்வு எழுதித்தான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எங்கப்பா கவுண்டருக்கு அந்தப் பக்கம் கைநாட்டு வைத்தவர்.

பொதுத்தேர்வு விடைத்தாளின் முகப்பில் பெயர், போட்டோ, பார்கோடு எல்லாம் இருக்கும். அந்த முகப்பைக் கிழித்தெடுத்த பிறகுதான் தாள் திருத்துகிறவரிடம் போகிறது. அவருக்கு எழுதியவன் யாரென்று தெரியாது, ஊரா சேரியா தெரியாது. நம் நாட்டில் ஒரு மனுசன் தன் தெருப் பெயர் இல்லாமல் மதிப்பிடப்படுகிற இடம் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இதை இளப்பமாகப் பேச எனக்கு மனம் வராது. முகம் தெரிகிற இடம் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கியில் வைத்திருந்த கண்ணாடித் துண்டைச் சரியாகச் சொன்னேன். வாய்மொழிக் கேள்வி கேட்க வந்தவர் முதலில் கேட்டது எந்த ஊர் என்று. சொன்னேன். அடுத்த கேள்வி, "ஊர்லயா, காலனியிலயா?" அதற்கு அடுத்த கேள்வியே இல்லை. உயிரியல் கேள்வி ஒன்றுகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார். ஆகவே 'எழுத்துத் தேர்வைக் குறை, ஆசிரியரே கூட இருந்து மதிப்பிடட்டும், அதுதான் முற்போக்கான கல்வி' என்று யாராவது பேசினால் நான் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்வேன். கூட இருக்கிற ஆசிரியர் யார், அவர் எங்கே தண்ணீர் குடிப்பார், எங்கே குடிக்க மாட்டார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

அப்படியானால் முகமே பார்க்காத மெஷின் திருத்துகிற நீட் நல்லதுதானே என்று ஒருத்தர் கேட்டார். மெஷின் முகம் பார்க்காது. ஆனால் அந்த மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார எத்தனை ரூபாய் ஆகிறது என்பதும் மெஷினுக்குத் தெரியாது. 180 கேள்வி, 720 மார்க்கு, அதில் பாதி உயிரியல். தப்பாகக் குறித்தால் ஒரு மார்க்குப் போகும். நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று 2006இல் சட்டம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டிலிருந்து பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவத்துக்குச் சேர்த்த மாநிலம் இது. 2017இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டில் 720க்கு 86. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி அவளை இழந்தோம். ஒரே பெண், ஒரே வருஷம், ரெண்டு தேர்வு. ஒன்று மேதை என்றது, இன்னொன்று லாயக்கில்லை என்றது. காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டர் இப்படி ரெண்டு விதமாகக் காட்டினால் மாட்டைப் பிடித்தா கட்டுவோம், தெர்மாமீட்டரைத்தானே மாற்றுவோம்? 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு கொடுத்த அறிக்கையில், 2020-21இல் இடம் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் மறுபடி மறுபடி எழுதியவர்கள் என்று இருக்கிறது. ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல், வீட்டுக்குக் காசு தராமல், கோச்சிங்கில் உட்கார முடிகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை? இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன். 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் போன நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரியில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

எனக்கு முக்கியம் அடுத்தது. எந்தத் தேர்விலும் கேட்கப்படாத கேள்வி.

மைட்டோகாண்ட்ரியா 'செல்லின் ஆற்றல் மையம்'. எந்தப் பிள்ளையைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். செல் சுவாசம், கிளைக்காலிசிஸ், கிரெப் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி, எல்லாம் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. போன வருஷம் இந்தப் பாடம் நடத்தும்போது ஒரு பெண் பேசாமலே உட்கார்ந்திருந்தாள். அவள் சித்தப்பா கழிவுநீர்த் தொட்டி சுத்தம் பண்ண இறங்கிச் செத்துப்போனவர். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து கேட்டாள்: "மூடியத் தொறந்தப்ப நாத்தம் வந்துச்சாம் சார். கொஞ்ச நேரம் கழிச்சி, இப்ப நாத்தமே இல்ல, போயிடுச்சின்னு சொல்லித்தான் எறங்கினாராம். பின்னாடியே தூக்கப் போனவரும் செத்துட்டாரு. குடிச்சிட்டு எறங்கினாங்கன்னு சொல்றாங்க. அவரு குடிக்கவே மாட்டாரு சார்."

அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது என் மூன்று வருஷப் படிப்பு முழுசும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்று தோன்றியது. மறுநாள் கரும்பலகையில் எழுதினோம்.

தொட்டிக்குள் மலமும் கழிவும் காற்றில்லாமல் அழுகும்போது நுண்ணுயிர்கள் வாயுக்களை உண்டாக்குகின்றன. மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம். ஆனால் அளவு கூடி, பத்து லட்சத்தில் நூறு பங்கு வாக்கில் போனால் அது மூக்கின் மணம் அறியும் நரம்பையே மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிறவருக்குப் போனது நாற்றம் இல்லை, மூக்கு. இன்னும் கூடினால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். எப்படி? எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஒரு நொதி இருக்கிறது. நாம் இழுக்கிற ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் அது. ஹைட்ரஜன் சல்பைடு அந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. சயனைடும் அதே இடத்தில்தான் வேலை செய்யும். செல் ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டுகிறது. மூளைக்கு ஆற்றல் நின்றுபோகிறது. தூக்கப் போனவரும் அதே காற்றை இழுக்கிறார், அவரும் விழுகிறார். இதில் சாராயம் எங்கே வந்தது?

தீக்குச்சி கிழித்துப் பார்ப்பாங்களே சார் என்று ஒரு பையன் கேட்டான். மீத்தேன் இருந்தால் வெடித்து ஆளே போய்விடும், சல்பைடு இருப்பதைத் தீக்குச்சி காட்டவும் காட்டாது என்று எழுதிப் போட்டோம். ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றும், செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னதை 2023இல் முப்பது லட்சமாக உயர்த்தியது என்றும் கீழே எழுதினோம். அது உயிரியல் இல்லைதான். எழுதினோம்.

பாருங்கள், பிள்ளையின் கையில் இருக்கிற புத்தகத்தில் அவளுடைய சித்தப்பாவின் மரணத்துக்குக் காரணம் முக்கால்வாசி அச்சாகி இருக்கிறது. 'ஆற்றல் மையம் எது' என்று கேட்டு ஒரு மார்க்குக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒருத்தர் நாளைக்குச் சுகாதார அதிகாரியாகி, ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த 'மதுபோதையில்' என்கிற வார்த்தையின் கீழே கையெழுத்துப் போடுவார். அவரை எந்தத் தேர்வு பெயிலாக்கியது?

ரத்தம் அடுத்த விஷயம். கார்ல் லேண்ட்ஸ்டீனர் 1900 வாக்கில் ரத்த வகைகளைக் கண்டுபிடித்தார், 1930இல் நோபல் பரிசு வாங்கினார். ஏ, பி, ஏபி, ஓ, எந்த ஆன்டிஜன், எந்த ஆன்டிபாடி, அட்டவணை போட்டு ஏழு மார்க்கு வாங்கலாம். அந்த ஏழு மார்க்கை முழுசாக வாங்கிய பையன் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு 'எங்க ரத்தம் வேற' என்று பேசுகிறானே, எப்படி? அவனுக்கு ரெண்டும் முட்டிக்கொள்ளவே இல்லை. தேர்வுத் தாளுக்கு ஒரு ரத்தம், திருவிழாவுக்கு ஒரு ரத்தம். எங்கள் ஊர்ப் பக்கம் சாதிச் சங்கங்கள் தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் நடத்துகின்றன. ஒரு முகாமுக்கு வங்கியிலிருந்து போயிருந்தேன். பையில் ஒட்டுகிற சீட்டில் வகை இருக்கிறது, எடுத்த தேதி இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. மேடையில் பரம்பரைப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள், மேசை மேல் பை பையாக அது மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன், நான் தனியாகப் போயிருந்தேன்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்கட்டும்: 'விபத்தில் அடிபட்ட ஊர்த்தெருக்காரருக்கு பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும். அவர் அண்ணன் ஏ பாசிட்டிவ். காலனியில் ஒருவர் ஓ நெகட்டிவ். யார் கொடுத்தால் பிழைப்பார், யார் கொடுத்தால் ஆபத்து? ஆன்டிஜனை வைத்து விளக்குக.' இதே பாடம்தான், இதே அட்டவணைதான். விடை எழுதுகிற பிள்ளை கூடப்பிறந்தவனை ஒதுக்கிவிட்டுக் காலனிக்காரரிடம் வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

மரபியலிலும் அப்படித்தான். மெண்டல் பட்டாணியில் 3:1 வந்தது எல்லாருக்கும் தெரியும். 'தூய' செடி என்றால் என்ன, தலைமுறை தலைமுறையாகத் தன்னோடு தானே கலந்து வேறெதுவும் கலக்காமல் வைத்திருப்பது. மனுசனில் அப்படி ஒன்று உண்டா? 1916 மே 9ஆம் தேதி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் படித்த கட்டுரையில் அகமணத்தைத்தான் சாதியின் சாரம் என்று எடுத்துக் காட்டினார். அவருக்கு வயது 25. சரியாக நூறு வருஷம் கழித்து, 2016இல், மேற்கு வங்கம் கல்யாணியில் உள்ள மரபணு ஆய்வு நிறுவனத்தார் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பு கலந்து வாழ்ந்த மக்களிடம், குறிப்பாக ஆதிக்க சாதிக் குழுக்களிடம், அந்தக் கலப்பு சுமார் 70 தலைமுறைக்கு முன்னால் நின்றுபோனது என்று மரபணுவை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள். அதாவது 'தூய்மை' பிறப்பிலேயே வந்ததில்லை, ஒரு காலத்தில் கதவைச் சாத்தியதால் வந்தது. சாத்திய கதவுக்குள் ஒடுங்கு ஜீன்கள் ஒன்று சேர்ந்து நோயாக வெளிப்படும் வாய்ப்பு கூடும் என்பதும் மெண்டல் பாடத்திலேயே இருக்கிறது. அக்கா மகளைக் கட்டுகிற பழக்கம் நம் தெருவிலும் உண்டு, அந்தக் கேள்வியை நமக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கு மட்டும் கேட்டால் அது அறிவியல் ஆகாது.

பரிணாமப் பாடத்தை 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் கவுன்சிலின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தே விட்டார்கள். 1800க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடத்தில் டார்வின் இன்னும் இருக்கிறார். இருக்கிறவரைக்கும் சரியாகக் கேட்டுவைப்போம்.

இனப்பெருக்கப் பாடம் வந்தால் 'வீட்டுல படிச்சிக்கோ' என்று தாண்டிப் போகிற வகுப்பறைகள் எனக்குத் தெரியும். மாதவிடாய்ச் சுழற்சி 28 நாள் என்று எழுதினால் மார்க்கு. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு தலித் மாணவி பூப்படைந்ததற்காக வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். உள்ளே கேள்வித்தாள், வெளியே கேள்வி. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள், மலம் கிடந்தது. 'நீரினால் பரவும் நோய்கள் எவை' என்ற கேள்விக்கு காலரா, டைபாய்டு என்று எழுதி ரெண்டு மார்க்கு வாங்கிக்கொண்டே இருக்கிறோம். தண்ணீரில் மலம் கலந்ததை எந்தச் சோதனையில் கண்டுபிடிப்பது, எந்தக் கிருமியைத் தேடுவது, மாதிரியை எப்படி எடுத்து எங்கே கொடுப்பது? இது ஒரு காலனிப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

இனி வேலையைப் பேசுவோம். எங்கள் பாடசாலையில் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடம் எடுக்கும் முன்னால், புத்தகத்தைத் திறக்காமல், அதைப் பற்றி வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்டுவரச் சொல்கிறோம். ஆடு மேய்க்கிற தாத்தா, பிரசவம் பார்த்த ஆயா, கறிக்கடை மாமா. மாட்டின் இதயத்தில் எத்தனை அறை என்று கறிக்கடை மாமாவைவிட எந்த வாத்தியாருக்குத் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து வாழையிலையில் வைத்து அறுத்துக் காட்டினார். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன் என்று பிள்ளைகள் விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். இரும்புச்சத்து பற்றிய கேள்விக்கு எங்கள் பிள்ளை ஒருத்தி மாட்டுக்கறி, ஈரல் என்று எழுதியதற்குப் பள்ளியில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார்கள். கீரையில் இருக்கிற இரும்பைவிடக் கறியில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக உறிஞ்சும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கேள்விக்குறியைப் போட வேண்டிய இடம் அதுதான்.

அதற்கப்புறம் புத்தகம். தெரிந்ததை எழுதச் சொல்வோம், சொந்தப் பேச்சில். அதன் கீழேயே புத்தகப் பேச்சில். 'ரத்தம் நிக்காது' என்று மேலே, 'ஹிருடின் என்னும் பொருள் ரத்தம் உறைதலைத் தடுக்கிறது' என்று கீழே. நம் பேச்சை அழித்துவிட்டு எழுதச் சொன்னால் பிள்ளை ரெண்டையும் மறந்துவிடும். கீழ்வரி தேர்வுக்கு, அதைப் பிழையில்லாமல் எழுதியே ஆக வேண்டும், விட்டுக்கொடுக்க மாட்டோம். 33 கண்டம் என்று மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். அந்த ஒரு மார்க்கை ஊர்த்தெருவுக்கு விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நாம் வசதியானவர்கள் இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு பாடத்துக்கும் புக் பேக்கில் இல்லாத ஒரு கேள்வியாவது நாமே எழுத வேண்டும். எழுதுவது சுலபம் இல்லை, நான் ஒரு கேள்விக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன். விடை பாடத்துக்குள் இருக்க வேண்டும். வெறும் கோஷமாக இருந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள், 'நீங்க என்ன சொல்லணும்னு எதிர்பாக்கறீங்களோ அத எழுதிடறேன் சார்' என்கிறார்கள். அது இன்னொரு விடைக்குறிப்பு ஆகிவிடும். நம் கேள்விக்கும் 'இல்லை சார், தப்பு' என்று எழுத இடம் வேண்டும்.

அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறாள். அவள் எழுதிய ஒரு கேள்வியையும் சேர்த்து இருபது கேள்விகள் உருட்டச்சுப் போல மோசமான ஜெராக்ஸில் வாசலில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடையது பதினேழாவது: 'தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற வெளியே நிற்பவர் முதல் அய்ந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, ஏன்?' தீயணைப்பு நிலையத்தில் இருக்கிற நம் தோழர் ஒருவரிடம் கேட்டிருக்கிறோம், சொல்லுவார். உங்கள் பாடசாலையில் பிள்ளைகள் எழுதுகிற விடைகளை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள், தப்பும் சரியுமாக, திருத்தாமல்.